யோட்டோ மினி: கார் ஒத்துக்கொள்ளாத ஒரு அம்மாவின் விமர்சனம்

குழந்தைகளைக் காரில் நீண்ட தூரம் கூட்டிப் போக என்ன வாங்கலாம் என்று தேடினால் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றிலும் குழந்தை எவ்வளவு நேரம் அடம்பிடிக்காமல் உட்கார்ந்தது என்று இருக்கும். அதற்காக முன் இருக்கையில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ எத்தனை முறை பின்னால் திரும்பினார், எத்தனை முறை குனிந்து எதையாவது தேடினார் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. நேராக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சமாளித்துவிடுவேன், ஆனால் ஸ்கெட்ச் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்து, விழுந்த பொம்மையைக் குனிந்து எடுத்து, கதைப் புத்தகத்தில் ரெண்டு பக்கம் வாசித்துக் காட்டினால் போதும், அடுத்த வளைவிலேயே வாயில் நீர் ஊறத் தொடங்கிவிடும். அப்புறம் அன்றைய பயணம் முழுக்க நான் யாருக்கும் பயன்பட மாட்டேன்.

ஆகவே யோட்டோ மினி என்ற இந்தக் கதைப்பெட்டி குழந்தைக்குப் பிடிக்குமா என்பது எனக்குப் பாதிக் கேள்விதான். மீதிப் பாதி, அது என்னைத் திரும்ப வைக்குமா என்பது.

திரும்புவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கார் ஒத்துக்கொள்பவர்கள் கேட்பார்கள். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தளத்தில் தலை சுழல்வதைக் கண்டு சொல்லும். கூடவே வேகம் கூடுவதையும் குறைவதையும் தலை சாய்வதையும் உணரும் இரண்டு சிறு பைகளும் உண்டு. கார் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது நாமும் தலையைக் குனிந்தாலோ சாய்த்தாலோ இரண்டு அசைவுகளும் ஒன்றோடொன்று கலந்து, உண்மையில் நடக்காத ஒரு சுழற்சி நடப்பதாக மூளைக்குச் செய்தி போகும். கண்ணோ அந்த நேரத்தில் அசையாத இருக்கையையும் குழந்தையின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. உள்காது அறவே வேலை செய்யாதவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை என்பதிலிருந்தே விஷயம் எங்கே தொடங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். வண்டி ஓட்டுபவருக்கும் அநேகமாக வராது, ஏனென்றால் வண்டி அடுத்து எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். முடிந்தபோதெல்லாம் நானே ஓட்டுவதற்குக் காரணம் இதுதான். எப்போதும் அது நடக்காது. சின்னவனுக்குப் பின் இருக்கையில் அம்மாவின் குரல் வேண்டும், நீண்ட தூரம் என்றால் கணவரும் நானும் மாறி மாறித்தான் ஓட்ட வேண்டும்.

பெரியவளுக்கு எட்டு வயது. இரண்டு வயதுக்குக் கீழே இந்தக் குமட்டல் மிகவும் அரிது, அதன்பின் மெல்லக் கூடி, பள்ளிப் பருவத்தின் நடுவில் உச்சத்துக்குப் போய், பலருக்குப் பதின்வயதில் குறைந்துவிடும். அவள் சரியாக அந்த உச்சத்தில் இருக்கிறாள், என்னையும் கொண்டு பிறந்திருக்கிறாள். சின்னவனுக்கு நான்கு வயது. அவனுக்குக் குமட்டலே கிடையாது, அதனால் சும்மா இருக்கவும் முடியாது. இப்படி மூன்று பேருக்கும் ஒத்துவரும் ஒரு பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

யோட்டோ மினி என்பது பெரியவர் கைக்குள் அடங்கும் ஒரு கதைப்பெட்டி. முன்னால் இரண்டு திருகுகள்: இடது பக்கம் ஒலி அளவு, வலது பக்கம் அத்தியாயம் மாற்ற. மேலே ஒரு பிளவு, அதில் வங்கி அட்டை அளவுள்ள ஒரு அட்டையைச் செருகினால் கதையோ பாட்டோ ஓடத் தொடங்கும், எடுத்தால் நிற்கும். திரை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளில் ஒரு சின்னப் படம் தெரியும், அவ்வளவுதான், யாரும் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்ததே இந்தக் குறைவுதான். நான்கு வயதுக் குழந்தைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஆனால் அட்டையின் படத்தைப் பார்த்து இதில் யானைக் கதை, இதில் தூங்கும் பாட்டு என்று அவனுக்குத் தெரியும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் பிளவைத் தடவிக் கண்டுபிடித்து, அட்டையை உள்ளே இறக்கி, படம் எரிந்ததும் தலையைத் தூக்கிவிடுவான். என்னைக் கூப்பிடுவதில்லை. நான் திரும்புவதில்லை.

பழைய போனில் கதையை ஏற்றி ஓடவிட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். காதில் விழுவது ஒன்றுதான், பெட்டி வாங்க மனமில்லாதவர்கள் முதலில் அதைச் செய்து பார்ப்பது நல்லது. ஆனால் போன் என் கையில் இருந்தால் "அம்மா, அடுத்தது", "அம்மா, இது வேண்டாம்" என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் குனிந்து திரையைப் பார்க்க வேண்டும். போன் அவர்கள் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் அது கதை சொல்லும் கருவி என்பது மறந்துபோய் விளையாடும் திரையாகிவிடும், பெரியவளுக்கு அது வாந்தியில் போய் முடியும்.

இதே வகையில் டோனிபாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஜெர்மன் நிறுவனத்துடையது. வீட்டுக்கு அது அழகான பொருள், சின்னக் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். அதில் கதையை மாற்ற ஒரு குட்டிப் பொம்மையை மேலே நிறுத்த வேண்டும். காந்தம் பிடித்துக்கொள்கிறது என்றாலும் குலுங்கும் வண்டியில், அதைவிட முக்கியமாக அந்தப் பொம்மையோடு விளையாட ஆசைப்படும் குழந்தையின் கையில், அது கீழே உருண்டு போவதற்கான வாய்ப்பு அதிகம். இருக்கைக்கு அடியில் போன ஒரு பொம்மையைத் தேடி எடுக்க நான் கொடுக்கும் விலை என்ன என்று மேலேயே சொல்லிவிட்டேன். காருக்கு என்றால் என் ஓட்டு யோட்டோவின் அட்டைக்குத்தான்.

அட்டையும் விழும், அதை மறைக்கவில்லை. மெல்லிய பொருள், இருக்கையின் இடுக்கில் போனால் எளிதில் கிடைக்காது. நாங்கள் செய்வது, ஒரு சின்ன ஜிப் பையில் நாலைந்து அட்டைகளை மட்டும் போட்டு அவன் எட்டும் இடத்தில் கட்டிவிடுவது, நீளமான கதைகளை மட்டும் காருக்கு எடுத்துப் போவது. நீளமான கதை ஓடினால் அட்டையை மாற்றும் வேலையே குறைந்துவிடும். ஐந்து நிமிடப் பாட்டு அட்டைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்கியவுடன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கதை அட்டையில் இல்லை. அட்டை வெறும் சாவி போன்றதுதான், முதல் முறை செருகும்போது பெட்டி வைஃபை வழியாகக் கதையை இறக்கித் தன்னுள் வைத்துக்கொள்கிறது, அதற்குப் பிறகுதான் இணையம் இல்லாமலே ஓடும். எனவே கிளம்புவதற்கு முந்தின நாள் இரவே கொண்டுபோகும் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி, முழுவதும் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும். புது அட்டையைக் காரில் வைத்துப் பிரித்துக் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்ற எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். போனில் போட்டுக்கொள்ளும் யோட்டோ செயலியில் ஒலிக்கு உச்ச அளவு வைக்கும் வசதி இருக்கிறது, அதையும் அன்றைக்கே சரிசெய்துவிடலாம். இல்லையென்றால் இடது திருகு குழந்தை கையில் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் வீடுகளுக்கு இன்னொரு யோசனை. கடையில் கிடைக்கும் அட்டைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம். தமிழ்க் கதைக்காக வாங்குபவர்கள் வெற்று அட்டைகளையும் சேர்த்து வாங்க வேண்டும், அவற்றில் நாமே பதிவு செய்த ஒலியை ஏற்றிக்கொள்ளலாம், வேண்டும்போது அழித்து வேறொன்றை மாற்றலாம். எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது அந்த அட்டைகள்தான். என் அம்மா போனில் கதை சொல்லிப் பதிந்து அனுப்பியதை அப்படியே ஏற்றினோம். கதைக்கு நடுவே நிறுத்தி "என்னடா, கேக்குறியா?" என்று பாட்டி கேட்பார், பின் இருக்கையிலிருந்து சின்னவன் சத்தமாக "ம்" கொட்டுவான், பாட்டி மேலே சொல்வார். விலை கொடுத்து வாங்கிய எந்தக் கதைக்கும் அவன் அப்படிப் பதில் சொன்னதில்லை. பதிவு செய்பவர்கள் சத்தமில்லாத அறையில், போனை வாய்க்கு அருகில் வைத்து, கொஞ்சம் உரக்கவே பேசச் சொல்லுங்கள். வீட்டில் தெளிவாகக் கேட்கும் மெல்லிய குரலைச் சாலை இரைச்சல் விழுங்கிவிடும். ஒரே நீளப் பதிவாக ஏற்றாமல் துண்டு துண்டாக ஏற்றினால் வலது திருகைத் திருப்பி வேண்டிய இடத்துக்குப் போகலாம்.

குமட்டலுக்கு இது எப்படி உதவுகிறது என்பதற்கு வருகிறேன். காதால் கேட்கும் குழந்தைக்குக் கண் சும்மா இருக்கிறது, சும்மா இருக்கும் கண் ஜன்னலுக்குப் போகும். பெரியவள் தலையை இருக்கையில் சாய்த்துக்கொண்டு தூரத்தில் பார்க்கிறாள், மருத்துவர்கள் சொல்லும் இரண்டு அறிவுரைகளையும் யாரும் சொல்லாமலே செய்கிறாள். மினியில் ஹெட்போன் துளை இருக்கிறது. அதிலிருந்து ஒரு வயரைக் காரின் ஒலி அமைப்பில் செருகிவிட்டால், வண்டியில் அதற்கான துளை இருந்தால், கதை எல்லோருக்கும் கேட்கும். எனக்கு இது மிகப் பெரிய வித்தியாசம். நானும் அதே கதையைக் கேட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், அதே நேரத்தில் குழந்தைகளோடும் இருக்கிறேன். பிடித்த இசையைக் கேட்பதும் மூச்சை நிதானமாக விடுவதும் குமட்டலைத் தள்ளிப்போடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, கதையும் என் விஷயத்தில் அதே வேலையைத்தான் செய்கிறது.

கதை முடிந்ததும் விளையாட்டுக்கு வழி பிறக்கிறது, அதற்கும் திரும்ப வேண்டாம். "அந்த நரி அடுத்து எங்கே போயிருக்கும்?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டால் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்வார்கள். கடைசி எழுத்தில் தொடங்கும் சொல், விடுகதை, தூரத்தில் தெரிவதில் சிவப்பாக என்ன இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் கண்ணை வெளியே இழுக்கும் விளையாட்டுகள். "தூரத்தில்" என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், பக்கத்து ஜன்னலில் சரசரவென்று ஓடுவதைப் பார்க்கச் சொன்னால் தலை சுற்றும்.

இந்தப் பெட்டி ஒரு விஷயத்தை மறைக்கும், யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். குமட்டலின் தொடக்கம் சின்னக் குழந்தைகளிடம் அமைதியாகத்தான் தெரியும். கொட்டாவி வரும், முகம் வெளுக்கும், வியர்க்கும், பேச்சு நின்றுபோகும். நான்கைந்து வயதுக் குழந்தைக்கு "குமட்டுது" என்று சொல்லத் தெரியாது, தலை வலிக்குது என்றோ வயிறு வலிக்குது என்றோ சொல்லும், அல்லது ஒன்றுமே சொல்லாது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை அமைதியாக இருந்தால், அடடா எவ்வளவு ஆழ்ந்து கேட்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆகவே அவ்வப்போது வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள், தலையாட்டினால் போதும் என்கிற கேள்வி வேண்டாம். முன் இருக்கையின் வெயில் மறைப்பில் கண்ணாடி இருக்கிறதே, அதைக் கீழே இறக்கிச் சாய்த்தால் பின் இருக்கை முகங்கள் தெரியும். பொட்டு சரிசெய்ய வைத்த அந்தக் கண்ணாடி என் கழுத்துக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. முகம் வெளுத்துவிட்டது என்றால் எந்தக் கதையும் காப்பாற்றாது, வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, கொஞ்சம் காற்று வாங்க வேண்டும்.

இரண்டு குழந்தைகளுக்கு ஒரே பெட்டி என்றால் எந்த அட்டை என்ற சண்டை வரும். எட்டு வயதுக்கான கதை நான்கு வயதுக்குப் புரியாது, நான்கு வயதுக்கானது எட்டுக்குச் சலிக்கும். நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம், பாட்டி கதை மட்டும் இருவருக்கும் பொது. ஆளுக்கு ஒரு ஹெட்போனைக் கொடுத்துப் பிரித்துவிடலாம்தான், ஆனால் அப்புறம் அந்தக் கதை எனக்குக் கேட்காது, முன் இருக்கையிலிருந்து அதைப் பற்றிப் பேசவும் முடியாது.

மற்றவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். மணிக்கட்டுப் பட்டை: உள்பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புகள் போலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே அழுத்தும். குமட்டலுக்கு அழுத்தும் அந்த இடத்தை அக்குபங்சரில் பி6 புள்ளி என்பார்கள். ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கெடுதல் கிடையாது, போட்டுக்கொள்கிறேன், அதை மட்டும் நம்பிப் பின் இருக்கையில் புத்தகம் வாசித்துக் காட்ட மாட்டேன். நீலத் திரவம் நிரப்பிய வளையங்கள் கொண்ட கண்ணாடி: இதைச் சிட்ரோயன் என்ற பிரெஞ்சுக் கார் நிறுவனம் 2018-ல் வெளியிட்டபோது பெரிதாகப் பேசப்பட்டது. முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு என நான்கு வளையங்கள், கண்ணுக்கு எதிரே வில்லையே கிடையாது. வண்டி சாயும்போது திரவமும் சாய்ந்து, கண்ணின் ஓரத்தில் ஒரு செயற்கை அடிவானத்தைக் காட்டுகிறது. குமட்டல் தொடங்கியதும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றலாம் என்கிறார்கள், யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அது, எங்கள் பின் இருக்கைக்கு இன்னும் வயது வரவில்லை.

ஐபோனில் 2024-ல் ஐஓஎஸ் 18-உடன் வந்த வசதி ஒன்று இருக்கிறது, திரையின் ஓரங்களில் சின்னப் புள்ளிகள் தோன்றி வண்டியின் அசைவுக்கு ஏற்ப நகரும். வழி பார்க்க, ஒரு செய்திக்குப் பதில் போட, எனக்கு உண்மையிலேயே உதவுகிறது. குழந்தைக்குக் கதை வாசிக்கும் அளவுக்கு நீண்ட நேரம் குனிந்திருக்க அது போதவில்லை. டேப்லெட்டைக் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மடியில் வேண்டாம், முன் இருக்கையின் பின்புறம் கண் மட்டத்தில் அசையாமல் மாட்டுங்கள்.

மாத்திரை பற்றி விமர்சனம் எழுத நான் மருத்துவர் இல்லை, ஆனால் குழந்தைக்குக் கொடுக்க யோசிப்பவர்கள் மருத்துவரிடம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு. குமட்டல் வந்தபின் கொடுத்தால் அநேகமாகப் பயனில்லை, வயிறு அப்போது மந்தமாகிவிடும், கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வேலை செய்பவை தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது ஒவ்வாமை மருந்துகள். தும்மலுக்குக் கொடுக்கும் தூக்கம் வராத புது வகை மாத்திரைகள் மூளைக்குள் அதிகம் போகாது, அதனால் இதற்கு உதவாது. சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதிலாக இன்னும் துள்ளுவார்கள். அந்தப் பழைய வகையில் ஒன்றான ப்ரோமெதாசினை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் மருந்துப் பட்டை குழந்தைகளுக்கானது அல்ல. தூக்கம் வரவைக்கும் மாத்திரையை நாம் போட்டுக்கொண்டால் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடவும் கூடாது.

சரி, யார் வாங்கலாம்? முன் இருக்கையில் குமட்டல் உள்ள பெரியவர், பின்னால் மூன்றிலிருந்து ஒன்பது பத்து வயது வரை குழந்தைகள், அடிக்கடி நீண்ட பயணம் என்றால் தயங்காமல் வாங்குங்கள், வெற்று அட்டைகளோடு. குழந்தைக்குக் கதை கேட்கும் வழக்கமே இல்லை என்றால் நேராகக் காரில் தொடங்காதீர்கள், வீட்டில் சாயங்காலங்களில் கொஞ்ச நாள் கேட்டுப் பழகட்டும், பழகிய குரல்தான் காரில் கைகொடுக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் பொறுத்திருக்கலாம், அந்த வயதுக்கு நாம் பாடுவதே போதும்.

ஒருவர் பயன்படுத்திய பெட்டியை வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். முதல் தலைமுறை யோட்டோ மினியின் பேட்டரி சூடாகும் அபாயம் இருப்பதாக 2024-ல் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. கையில் வருவது எந்தத் தலைமுறை, அந்த அறிவிப்பு அதற்குப் பொருந்துமா, பொருந்தினால் நிறுவனம் சொன்ன மாற்று ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் சார்ஜில் போடுங்கள்.